சிலிண்டரில் எவ்வளவு மிச்சம்? சக டைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக டைவர்களே,

இந்த மடல் ஸ்கூபா டைவிங் செய்கிற எல்லோருக்குமானது இல்லை. நான்கைந்து சிலிண்டர்களோடும் ஹீலியம் கலந்த வாயுவோடும் நூறு மீட்டர் இறங்குகிறவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். கடலுக்கடியில் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறவர்களுக்கு அவர்களுடைய விதிகள் இருக்கின்றன. நான் எழுதுவது நம்மைப் போன்றவர்களுக்கு. வருடத்துக்கு ஒன்றிரண்டு விடுமுறையில் டைவ் போகிறோம். பர்ஸில் ஒரு சான்றிதழ் அட்டை இருக்கிறது. படகில் ஏறியதும் "இன்னிக்கு எவ்வளவு ஆழம்?" என்று வழிகாட்டியைக் கேட்கிறோம், அவர் சொன்ன பதிலுக்குத் தலையாட்டிவிட்டு உட்காருகிறோம்.

அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். கேள்வியை நாம்தான் கேட்கிறோம். ஆனால் எந்தப் பதில் வந்தால் "நான் வரவில்லை" என்று சொல்வோம் என்பது நமக்கே தெரியாது. 18 மீட்டர் என்றாலும் சரி என்கிறோம், 30 என்றாலும் சரி என்கிறோம். அப்படியென்றால் அந்தக் கேள்வியை எதற்காகக் கேட்டோம்?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபது சொச்சம் டைவ் அனுபவம். அட்டை 18 மீட்டருக்கானது. படகில் வழிகாட்டி, "18, 20 மீட்டர்தான். ஏதாவது தென்பட்டா கொஞ்சம் கீழே போவோம்" என்றார். அந்தக் "கொஞ்சம்" எத்தனை மீட்டர் என்று நாங்கள் ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டால் புது ஆள் என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு பவளப்பாறைச் சரிவை ஒட்டி இறங்கினோம். தண்ணீர் அவ்வளவு தெளிவு. தெளிந்த தண்ணீரில் ஆழம் உறைக்காது; அண்ணாந்து பார்த்தால் படகின் அடிப்பாகம் தெரிந்துகொண்டே இருக்கும், பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று தோன்றும். சற்று நேரத்தில் வழிகாட்டி கீழே கை காட்டினார். பெரிய திருக்கை ஒன்று சரிவின் விளிம்பைத் தாண்டி நீலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் அதன் பின்னால் போனார். அவர் பின்னால் ஐந்து பேர் போனார்கள். கடைசியாக நானும் போனேன்.

ஆழத்தையும் நேரத்தையும் காட்டுகிற, மணிக்கட்டில் இருந்த டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்தபோது 34 மீட்டர். சிலிண்டரில் இருக்கும் காற்றின் அழுத்தத்தை பார் என்ற அலகில் அளப்போம்; 200 பாரில் தொடங்கிய சிலிண்டரில் 60 பார் மிச்சம். எனக்குத் துளிகூடப் பயம் வரவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். 34 என்ற எண் தெரிந்தது. 60 என்ற எண் தெரிந்தது. இரண்டுக்கும் என்ன பொருள் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. திருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ரொம்பவும் சந்தோஷமாக இருந்தேன். தற்செயலாகத்தான் வழிகாட்டி திரும்பினார். காற்று எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் சைகையில் கேட்டுக்கொண்டே வந்தார். நான் விரல்களைக் காட்டியதும் மாஸ்குக்குள் அவர் கண்கள் விரிந்தன. என் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். 5 மீட்டர் ஆழத்தில் பாதுகாப்புக்காக நின்ற மூன்று நிமிடமும் அவருடைய உபரி ரெகுலேட்டரில்தான், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தருகிற கருவியில்தான், மூச்சுவிட்டேன். படகில் ஏறும்போது என் சிலிண்டரில் 20 பார் இருந்தது.

படகில் எல்லோரும் திருக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படி இருந்தது என்று ஒருவர் என்னைக் கேட்டார். "அருமை" என்றேன்.

அன்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேற்பரப்பில் இருக்கிற அளவு அழுத்தம் இன்னொரு முறை கூடும். 34 மீட்டரில் மேற்பரப்பைப்போல 4.4 மடங்கு. அங்கே இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் மேலே இழுக்கிற மூச்சைப்போல 4.4 மடங்கு காற்றை எடுத்துக்கொள்ளும். 12 லிட்டர் சிலிண்டரில் 60 பார் என்றால் 720 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கிறவன் அந்த ஆழத்தில் 110 லிட்டர் இழுப்பான். ஆக, ஆறரை நிமிடத்தில் சிலிண்டர் காலி. அந்த நேரம் பார்த்து வேறு யாருக்காவது காற்று நின்று, அவர் என் உபரி ரெகுலேட்டரைப் பற்றிக்கொண்டிருந்தால்? பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் என்று வைத்தாலே மூன்று நிமிடம்கூட வந்திருக்காது. மேலே போய்ச் சேர அதுவே போதாது.

பல மாதங்கள் நான் அந்த வழிகாட்டியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் தவறு இருந்தது, அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. 18 மீட்டர் அட்டைக்காரனை அவர் 34-க்குக் கூட்டிப்போயிருக்கக் கூடாது. ஆனால் மிச்சக் காற்றைக் காட்டுகிற கேஜ் தொங்கியது என் இடுப்பில். கம்ப்யூட்டர் இருந்தது என் கையில். 18-ல் நான் நின்றிருந்தால் யாரும் என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். அன்று ஏதாவது நடந்திருந்தால் அவர் வேலையையும் பெயரையும் இழந்திருப்பார். நான் உயிரை இழந்திருப்பேன். இழப்பு என்னுடையது என்னும்போது, பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் முதலில் என்னுடையதுதான் என்று புரிய எனக்கு அத்தனை மாதங்கள் ஆயின.

ஒவ்வொரு முறையும் படகில் ஏறுமுன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோமே, அதை நீங்கள் எப்போதாவது முழுசாகப் படித்ததுண்டா? நான் வெகுகாலம் படிக்கவில்லை. டைவ் நிறுவனம் வழக்கிலிருந்து தப்பிக்கப் போட்டுவைத்த தாள் என்றுதான் நினைத்தேன். அதற்காகவும்தான் அது இருக்கிறது. ஆனால் அதில் எழுதியிருப்பது, சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், உண்மை. இந்த ஆபத்து எனக்குத் தெரியும், என் பயிற்சிக்குள் நான் இருப்பேன், என் காற்றை நான் கவனிப்பேன் என்று நாம் எழுதிக் கொடுக்கிறோம். எழுதிக் கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் மொத்தத்தையும் முன்னால் நீந்துகிறவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

அவரால் என்ன முடியும் என்று யோசியுங்கள். அவருக்கு அந்த இடம் தெரியும். நீரோட்டம் எப்போது திரும்பும், படகு எங்கே நிற்கும் என்பதெல்லாம் தெரியும். அதற்கு மேல் நம்மைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நேற்று நான் தூங்கவில்லை என்பது தெரியாது. மூச்சு சீராக இல்லை என்பது எனக்குத் தெரிந்த பிறகு, ரொம்ப நேரம் கழித்துத்தான், அவருக்குத் தெரியும். முகத்தை முன்பக்கம் வைத்துக்கொண்டு, பின்னால் ஆறு பேரை வைத்துக்கொண்டு நீந்துகிறார். எட்டு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத தண்ணீரில், கடைசியில் வருகிறவனுக்கு ஒன்று ஆனால் அவர் திரும்பிப் பார்க்கும்வரை ஆகிவிட்டது ஆகிவிட்டதுதான்.

டைவர்களின் பாதுகாப்புக்காக 1980-ல் தொடங்கிய 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' என்ற அமைப்பு இருக்கிறது. நம்மில் பலர் அதன் காப்பீடு வைத்திருக்கிறோம். அதன் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரையான 947 பொழுதுபோக்கு ஸ்கூபா மரணங்களை எடுத்து அலசி 2008-ல் வெளியிட்டார்கள். விபரீதம் எதிலிருந்து தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்த மரணங்களில் 41 விழுக்காடு காற்றுப் போதாமையில் தொடங்கியவை. சுறாவைப் பற்றிய பயம் நமக்கு எவ்வளவு இருக்கிறது, கேஜைப் பார்க்காத பழக்கத்தைப் பற்றிய பயம் எவ்வளவு இருக்கிறது? காற்று தீர்ந்தவர் அப்படியே மூழ்கிப்போவதில்லை. பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்கிறார். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் நுரையீரலில் அடைபட்ட காற்று இரட்டிப்பாகிறது. போக வழியில்லாமல் நுரையீரலைக் கிழித்து, குமிழியாக இரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போகிறது. இத்தனைக்கும் காரணமான அந்த எண் முழு நேரமும் இடுப்பில் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

"50 பாரோடு படகுக்கு வந்துவிடுங்கள்." இதை எத்தனை முறை கேட்டிருப்போம்! நல்ல அறிவுரைதான். ஆனால் 30 மீட்டரில் எந்த எண்ணைப் பார்த்ததும் மேலே கிளம்ப வேண்டும் என்று அது சொல்வதில்லை. அதை நாமே போட்டுப் பார்க்கலாம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். 30 மீட்டரில் துணையாக வந்தவருக்குக் காற்று நின்றுவிட்டது, இரண்டு பேரும் ஒரே சிலிண்டரில் மூச்சுவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 30 லிட்டர், அங்கே அழுத்தம் 4 மடங்கு. நிமிடத்துக்கு 240 லிட்டர். ஒருவரையொருவர் பிடித்து, நிதானப்பட்டு, கிளம்ப ஒரு நிமிடம் ஆகும். அதற்கு 240. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற ஏறக்குறைய மூன்று நிமிடம், அதற்கு 500 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க 270. கடைசி 5 மீட்டருக்கு இன்னொரு 75. மொத்தம் 1,085 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது 90 பார்.

90 பார். 50 இல்லை. அந்த ஆழத்தில் 70 பாரைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு" என்று நினைக்கிறவர், தன்னை நம்பி வந்த துணையைக் கரைசேர்க்கிற காற்றைத்தான் செலவழிக்கிறார். இந்த எண்கள் என் எண்கள். உங்கள் சிலிண்டரும் நீங்கள் மூச்சிழுக்கிற அளவும் வேறாக இருக்கலாம். ஒரு டைவின் தொடக்க பார், முடிவு பார், சராசரி ஆழம், நேரம் நான்கையும் குறித்து வைத்தால் உங்கள் எண் வந்துவிடும். கம்ப்யூட்டர் அதில் ஆழத்தையும் நேரத்தையும் தானே வைத்திருக்கும்.

அடுத்து ஆழ எல்லை. 18, 30, 40. அடிப்படைப் பயிற்சிக்கு 18 மீட்டர், அடுத்த கட்டத்துக்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் வெளி எல்லை 40. பயிற்சி நிறுவனங்கள் அடுத்த வகுப்பை விற்பதற்காக வைத்திருக்கிற படிகள் இவை என்று படகில் பேசிக்கொள்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இதன் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட அறிவு இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பாலங்களுக்கு அடித்தளம் போட, அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் இறங்கி வேலை பார்த்த தொழிலாளர்கள் மேலே வந்ததும் மூட்டு வலியில் துடித்தார்கள். சிலர் முடங்கிப் போனார்கள், சிலர் செத்தார்கள். புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-ல் இந்த நோயில் விழுந்தவர்தான். அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறையும்போது குமிழிகளாக வெளிவருவதுதான் காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878-ல் காட்டினார். பிறகு ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவருடைய சகாக்களும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, கட்டம் கட்டமாக மேலேறும் அட்டவணையை 1908-ல் வெளியிட்டார்கள். உடலின் ஒவ்வொரு திசுவும் ஒவ்வொரு வேகத்தில் நைட்ரஜனை ஏற்கும், ஒவ்வொரு வேகத்தில் விடும் என்ற அவர்களுடைய கருத்துதான், எத்தனையோ திருத்தங்களோடு, இன்று நம் மணிக்கட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிறது.

மேலேறும் வேகத்தின் கதையும் எனக்குப் பிடித்தமானது. பல பத்தாண்டுகள் நிமிடத்துக்கு 18 மீட்டர் என்பதுதான் விதி. அது 1950களில் அமெரிக்கக் கடற்படையில் பிறந்தது. வேகமாக ஏற விரும்பிய நீச்சல் வீரர்களுக்கும், கனத்த செப்புத் தலைக்கவசத்தோடு அவ்வளவு வேகமாக ஏறவே முடியாத டைவர்களுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம் அது. பின்னாளில் பொழுதுபோக்கு டைவிங்கில் பல அமைப்புகள் அதைப் பாதியாகக் குறைத்து 9 மீட்டர் ஆக்கின. எல்லை எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மனிதர்கள் போட்டவை, மாறக்கூடியவை. ஆனால் அவை மாறியது நிதானத்தின் பக்கமாக. "பழைய ஆட்கள் இதைவிட வேகமாக ஏறினார்களே" என்று சொல்கிறவர்கள், அவர்களில் எத்தனை பேர் வலியோடு வீடு போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஒன்றும் ஆகாது, அந்தப் பக்கம் போனால் நிச்சயம் ஆகும் என்றும் இல்லை. வழியில் கட்டம் கட்டமாக நிற்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் மேலே வர எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்பதற்கு, பரவலாகப் பயன்பட்ட ஒரு பொழுதுபோக்கு அட்டவணை 18 மீட்டரில் 56 நிமிடம் தந்தது, 30 மீட்டரில் 20, 40 மீட்டரில் வெறும் 9. பத்து மீட்டர் கூடுவதற்குள் நேரம் எப்படிச் சுருங்குகிறது பாருங்கள். அந்த 9 நிமிடமும் சராசரி உடம்புக்கான கணக்கு. நீங்கள் தண்ணீர் குடிக்கவில்லை என்பதும், குளிரில் நடுங்கினீர்கள் என்பதும், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்பதும் அட்டவணைக்குத் தெரியாது. பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, பிறந்ததும் மூடியிருக்க வேண்டிய இதயத் துளை ஒன்று முழுசாக மூடாமல் இருக்கிறது. நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழிகள் அதன் வழியாகக் குறுக்கே போக முடியும். நம்மில் யார் அந்த நான்கில் ஒருவர் என்பது நமக்கே தெரியாது. அதனால்தான் கம்ப்யூட்டர் "இன்னும் 2 நிமிடம்" என்று காட்டும்போது அந்த இரண்டையும் வாங்கிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள் என்கிறேன்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எல்லையைக் கரையில் முடிவு செய்யுங்கள்.

கீழே போன பிறகு அதை முடிவு செய்ய நீங்கள் இருக்க மாட்டீர்கள்; உங்களைப் போல ஒருவர் இருப்பார். 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன், மயக்க மருந்தைப் போல நரம்புகளில் வேலை செய்யத் தொடங்குகிறது. 1943-ல் எமில் கான்யானோடு சேர்ந்து நம்முடைய ரெகுலேட்டரின் மூதாதையை உருவாக்கிய ழாக் கூஸ்தோ இதை ஆழங்களின் போதை என்று அழைத்தார். சிலருக்குப் பயமாக வரும், சிலருக்கு எனக்கு வந்ததுபோலச் சந்தோஷமாக வரும். ஒருவர் தன் துணையின் சைகையைப் பார்த்துத் தலையாட்டுவார், என்ன சைகை என்று புரிந்திருக்காது. ஐந்தாறு மீட்டர் மேலே வந்ததும் தலைவலிகூட இல்லாமல் எல்லாம் கலைந்துவிடும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. தன் நிதானம் குறைந்துவிட்டதா என்று அளக்க வேண்டியதும் அதே குறைந்துபோன நிதானம்தானே?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நமக்கு ஆழம் தெரியாமல் இல்லை, மணிக்கட்டில் எண்ணாகவே ஒளிர்கிறது. எந்த எண்ணில் காலை எடுப்போம் என்பதை மட்டும் நாம் தீர்மானிப்பதில்லை.

இன்னொரு ஆபத்து மெதுவாக வருகிறது. ஒருமுறை 18-ஐத் தாண்டி 22 போகிறோம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை 22 சாதாரணம், 27 தான் சாகசம். ஒருமுறை 30 பாரோடு படகேறுகிறோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வான், இப்படி விலகல் மெல்ல மெல்ல இயல்பாகிவிடுவதற்கு ஒரு பெயரே கொடுத்தார். பொறியாளர்கள் முட்டாள்களாக இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பழுதோடு பறந்து பத்திரமாகத் திரும்பியதால், பழுது பழுதாகத் தெரியாமல் போயிற்று. நம் டைவ் குறிப்பேடுகளைப் பின்னோக்கிப் புரட்டினால் இந்த நகர்வு எண்களிலேயே தெரியும். என்னுடையதில் தெரிந்தது.

ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளின் வாயிலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அரிவாள் ஏந்திய மரண உருவம், அதன் கீழே: நில், இதற்கு மேல் போகாதே. திறந்த நீர் ஸ்கூபா பயிற்றுநர்கள் உள்பட 300-க்கும் மேற்பட்ட டைவர்கள் இதுபோன்ற குகைகளில் இறந்திருக்கிறார்கள் என்கிறது அந்தப் பலகை. அந்தப் பயிற்றுநர்களை நினைத்துப் பாருங்கள். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குத் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது வேறு தண்ணீர். எகிப்தின் தாஹாபில், கரையிலிருந்து நடந்தே இறங்கிவிடக்கூடிய 'நீலத் துளை'யிலும் இதே கதை. அங்கே கடலுக்குத் திறக்கும் வளைவின் கூரையே ஏறக்குறைய 55 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஒரே ஒரு சிலிண்டரோடு அதைப் பார்க்கப் போனவர்களின் நினைவுக்கற்கள் கரையோரப் பாறையில் பதிந்திருக்கின்றன.

குகை டைவர்கள் தங்கள் இழப்புகளிலிருந்து கற்றார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கக் குகை டைவர் விபத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, எந்த விதி மீறப்பட்டது என்று தேடினார். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு துணைக்கும் எதிர்பாராததற்கும் என்ற விதி அந்த மரபில் ஊறியது. அவர்களிடம் இன்னொரு விதியும் உண்டு, அதை நாம் அப்படியே கடன் வாங்கிக்கொள்ளலாம்: எந்த டைவையும், எவரும், எப்போதும், எந்தக் காரணத்துக்காகவும் முடிக்கலாம். கட்டைவிரலை மேலே காட்டினால் போதும். யாரும் காரணம் கேட்கக் கூடாது, படகில் ஏறிய பிறகும் கேலி செய்யக் கூடாது.

அதை வாழ்ந்து காட்டிய ஒருவரை நான் ஒருமுறை பார்த்தேன். ஆயிரம் டைவுக்கு மேல் போனவர் என்று சொன்னார்கள், நரைத்த தலை. எல்லாம் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து, குதிக்க ஒரு நொடி இருக்கும்போது மாஸ்கைக் கழற்றினார். "நான் இன்னிக்கு வரல" என்றார். உடம்பு சரியில்லையா அக்கா என்று வழிகாட்டி கேட்டார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசு ஒட்டல." அவ்வளவுதான். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டியிருந்த ஈயக் கட்டிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் ஐம்பது நிமிடம் கழித்து மேலே வந்தபோது, எங்கள் ஃபின்களைக் கை நீட்டி வாங்கினவர் அவர்தான். என்ன பார்த்தீர்கள் என்று ஆவலாகக் கேட்டார். முகத்தில் ஒரு துளி வருத்தமில்லை. 34 மீட்டர் போன அன்று படகில் நான் அடக்கிக்கொண்ட கேள்வி அப்போது எனக்கு நினைவு வந்தது. புது ஆள் என்று தெரிந்துவிடும் என்று நான் கூசினேன். உண்மையில் கூசாமல் மறுக்கிறவர்தான் பழைய ஆள்.

மருத்துவக் கேள்வித்தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கடகடவென்று டிக் போடுகிறோம். ஒரு "ஆம்" வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், அன்றைய டைவ் கெட்டுவிடும் என்பதால். நான் முன்பு சொன்ன அதே ஆய்வில், இறந்தவர்களை வீழ்த்திய கேடு எது என்று தெரிந்த மரணங்களில் நான்கில் ஒரு பங்கு இதயம் சார்ந்தது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர், சிறுவயதில் இழுப்பு இருந்தவர், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவர், தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். டைவ் போகலாம் என்று மருத்துவர் சொன்னால் நிம்மதியாகப் போகலாம். நீங்கள் பொய் எழுதினால் உங்களைக் காப்பாற்றக் கீழே பாய்கிறவரின் உயிரும் அந்தப் பொய்யில் இருக்கிறது.

பெரும்பாலான அட்டைகளுக்குக் காலாவதித் தேதி கிடையாது. கைப்பழக்கத்துக்கு உண்டு. நான்கு வருடம் கழித்து வருகிறவர் முதல் டைவைக் குளத்திலோ ஆழமில்லாத இடத்திலோ வைத்துக்கொள்ளட்டும். மாஸ்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, துணையின் ரெகுலேட்டரை எடுப்பது, எடை பெல்ட்டை ஒற்றைக் கையால் அவிழ்ப்பது. குறிப்பாகக் கடைசியில் சொன்னது. மேற்பரப்புக்கு வந்தும் மிதக்க முடியாமல் மூழ்கினவர்கள் இடுப்பில் எடை அப்படியே இருந்தது என்பது விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அப்புறம், ஒரே ஒரு டைவ் போயிருந்தால் 12 மணி நேரம், பல டைவ் போயிருந்தால் 18 மணி நேரமாவது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் விடுங்கள்.

முன்னால் நீந்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழிகாட்டிகளே, உங்கள் வேலை எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எங்களில் பலர் உங்களிடம் சுறாவையும் ஆழத்தையும் கேட்டு நச்சரிக்கிறோம். ஆனாலும் படகில் "கொஞ்சம்" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள். "இன்றைக்கு 22 மீட்டர், 100 பாரில் திரும்பல், எதுவாக இருந்தாலும் கீழே துரத்திப் போக மாட்டோம்" என்று நீங்கள் சொன்னால், கூசி உட்கார்ந்திருக்கிற புது ஆளுக்கு அது பெரிய உதவி. நாங்கள் கட்டைவிரலைக் காட்டும்போது முகம் சுளிக்காதீர்கள்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்வீர்கள் என்ற ஆசையில். அந்த 34 மீட்டருக்குப் பிறகு ஒழுங்காக அடுத்த பயிற்சியை முடித்தேன். என்றாலும் ஒவ்வொரு டைவுக்கும் முன்னால், உபகரணம் மாட்டுவதற்கு முன்பே, எழுதுபலகையில் இரண்டு எண்களை எழுதுகிறேன்: இன்றைய ஆழம், திரும்புகிற பார். துணையாக வருகிறவரிடம் காட்டி, அவருடைய இரண்டு எண்களைக் கேட்கிறேன். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கேட்கிறேன். இருவருடையதில் எது பாதுகாப்பானதோ அதுதான் எங்கள் இருவருக்கும். பலர் முதலில் யோசிக்கிறார்கள். அப்படியொரு எண் தங்களிடம் இல்லை என்று அப்போதுதான் தெரிகிறது. பிறகு ஒன்றைச் சொல்கிறார்கள்.

போன முறை இதைக் கேட்டபோது பக்கத்தில் இருந்த இளைஞர் கொஞ்சம் தயங்கி, "எனக்கு 18 தான் அட்டை. ஆனா வழிகாட்டி 25 போவோம்னாரே" என்றார். அப்படியென்றால் நமக்கு 18 என்றேன். இருவரும் சேர்ந்து போய் வழிகாட்டியிடம் சொன்னோம். அவர் சரி என்று தலையாட்டினார். மற்ற நால்வரும் கீழே போக, நாங்கள் இருவரும் மேல் சரிவிலேயே 52 நிமிடம் இருந்தோம். ஒரு ஆக்டோபஸ் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படகேறும்போது அவரிடம் 70 பார் இருந்தது, என்னிடம் 85.

அன்புடன்,
உங்களோடு படகில் உட்காரும் ஒரு டைவர்